பின்னால் வருவது தெரிகிறதா? மோட்டார் சைக்கிள் கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதும் இறுக்கிப் பொருத்துவதும்

விடியற்காலை ஐந்தரை மணி. இன்னும் இருட்டு விலகவில்லை. தோட்டத்து லயன் வீடுகளிலிருந்தும் பக்கத்துத் தாமான்களிலிருந்தும் கப்சாய்கள் ஒவ்வொன்றாகப் பெரிய சாலைக்கு வருகின்றன. தொழிற்சாலை முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள், பாதுகாவலர் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தில் இறக்கிவிடப் போகிற அம்மாக்கள் எனப் பலரும் அந்த நேரத்தில் சாலையில் இருப்பார்கள். அந்த வண்டிகளைக் கொஞ்சம் நின்று கவனித்தால் ஒன்று புரியும். ஒன்றில் வலது கண்ணாடி இல்லை. இன்னொன்றில் இரண்டும் இருக்கின்றன, ஆனால் இரண்டும் வானத்தைப் பார்க்கின்றன. மற்றொன்றில் ஐம்பது சென் நாணயத்தைவிடச் சற்றே பெரிதான வட்டக் கண்ணாடி அழகுக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. கண்ணாடி ஒன்றே எல்லாவற்றையும் தடுத்துவிடாது. ஆனாலும் தலைக்கவசத்துக்கும் டயருக்கும் கொடுக்கிற கவனத்தில் கால் பங்குகூட கண்ணாடிக்குக் கிடைப்பதில்லை. உடைந்தால் மாற்றுவதில்லை, ஆடினால் இறுக்குவதில்லை. சட்டத்துக்காக மாட்டப்படும் பொருளாகவே அது பல வீடுகளில் இருக்கிறது.

கண்ணாடியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது, பொருத்திய இடத்திலேயே நிற்க என்ன செய்வது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

வலது கண்ணாடி ஏன் முக்கியம்?

நம் நாட்டில் வாகனங்கள் இடது பக்கம் செல்கின்றன. மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் சாலையின் இடது ஓரத்தை ஒட்டியே போகிறது. ஆகவே பின்னாலிருந்து முந்துகிற காரும் லோரியும் வலது பக்கமாகத்தான் வரும். வலது கண்ணாடி இல்லாத வண்டியில் போகிறவர், தம்மை முந்த வருவது எது என்று தெரியாமலே போகிறார்.

இதன் விபரீதம் அதிகம் தெரிவது, கூட்டரசு சாலையிலிருந்து வலது பக்கம் தோட்டத்துச் சாலைக்குத் திரும்பும்போது. ஒரு சின்னக் கணக்கைப் பார்க்கலாம். கூட்டரசு சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. திரும்புவதற்காக மோட்டார் சைக்கிள் தன் வேகத்தை மணிக்கு 18 கிலோமீட்டராகக் குறைத்தால், அது விநாடிக்கு 5 மீட்டர்தான் நகர்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விநாடிக்கு 20 மீட்டர். 100 மீட்டர் பின்னால் வந்துகொண்டிருந்த கார், வேகம் குறையாவிட்டால், ஐந்தே விநாடியில் வண்டியைத் தொட்டுவிடும். சிக்னல் போட்டு, கியரைக் குறைத்து, நடுக்கோட்டை நெருங்குவதற்கே அந்த ஐந்து விநாடி சரியாக இருக்கும்.

அந்த 100 மீட்டர் தூரத்தில் என்ன வருகிறது என்பதை முன்கூட்டியே காட்டக்கூடியது வலது கண்ணாடி. அதைப் பார்த்த பிறகு எடுக்கும் முடிவுதான் உயிரைக் காக்கிறது. பின்னால் வாகனம் நெருங்கி வருவது தெரிந்தால் நடுக்கோட்டுக்குப் போகாமல், இடது ஓரத்தில் பாதுகாப்பான இடமாகப் பார்த்து நின்று, இரு பக்கமும் காலியான பிறகு சாலையைக் கடப்பதே நல்லது. நிதானமாகத் திரும்புகிற பெரியவர்கள் பலர் காலங்காலமாகச் செய்துவருவதும் இதுதான்.

இடது கண்ணாடி வேண்டாம் என்று இதற்குப் பொருள் அல்ல. நெரிசலில் இடது பக்க இடைவெளியில் நுழையும் மற்ற மோட்டார் சைக்கிள்களும், முந்திய பிறகு இடது தடத்துக்குத் திரும்பும்போது அங்கே இருக்கும் வாகனமும் இடது கண்ணாடியில்தான் தெரியும். இரண்டும் இருக்க வேண்டும், இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கண்ணாடி இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, 1959-ஆம் ஆண்டு மோட்டார் வாகன கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளின் கீழ் குற்றம். சாலைச் சோதனைகளில் ஜேபிஜே அதிகாரிகளும் போலீசாரும் எண் பட்டை, சைலன்சர் ஆகியவற்றோடு கண்ணாடியையும் பார்க்கிறார்கள். இல்லை என்றால் சம்மன் வரும்.

சம்மனுக்குப் பயந்து ஒப்புக்கு ஒரு சிறிய கண்ணாடியை மாட்டிக்கொள்வது இளைஞர்களிடையே வழக்கமாகிவிட்டது. சோதனைச் சாவடியைக் கடக்க அது உதவலாம். பின்னால் வரும் லோரியைக் காட்ட அது உதவாது.

எவ்வளவு பெரிது இருக்க வேண்டும்?

இதற்கு ஓர் அனைத்துலக அளவுகோல் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் கண்ணாடிகளுக்கான ஐக்கிய நாடுகளின் 81-ஆம் ஒழுங்குவிதி, பிரதிபலிக்கும் பரப்பு குறைந்தது 69 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. வட்டக் கண்ணாடியாக இருந்தால் அதன் குறுக்களவு 94 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வேறு வடிவமாக இருந்தால் அதற்குள் 78 மில்லிமீட்டர் வட்டம் ஒன்று அடங்க வேண்டும்.

கடையில் இதைச் சோதிக்கப் பள்ளிப் பிள்ளையின் அடிக்கோல் ஒன்று போதும். வட்டக் கண்ணாடி ஒன்பதரை சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீள்வடிவமானால், ஒடுங்கிய பக்கம் எட்டு சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓலை போல நீண்டு ஒடுங்கியிருக்கும் அலங்காரக் கண்ணாடிகள் பல இந்தச் சோதனையில் தேறாது.

தட்டையா, குவிந்ததா?

கண்ணாடிகள் இரண்டு வகை. தட்டைக் கண்ணாடியில் பின்னால் வரும் வாகனம் உள்ளபடி தெரியும். தூரம் சரியாகப் புலப்படும். ஆனால் அது காட்டும் அகலம் குறைவு. குவிந்த கண்ணாடி வெளிப்புறமாக இலேசாகப் புடைத்திருக்கும். இது அதிக அகலத்தைக் காட்டும், ஆனால் வாகனங்களைச் சிறிதாக்கிக் காட்டும். சிறிதாகத் தெரிவதைக் கண் "இன்னும் தூரத்தில் இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் அது கிட்டே வந்திருக்கும்.

அன்றாட ஓட்டத்துக்கு அளவாகக் குவிந்த கண்ணாடியே பொருத்தம். புதிய வண்டிகளோடு பெரும்பாலும் இவ்வகைதான் வருகிறது. மிக அதிகமாகப் புடைத்த சிறு கண்ணாடிகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் ஒரு டேங்கர் லோரிகூட தீப்பெட்டி அளவில்தான் தெரியும்.

எவ்வளவு குவிந்திருக்கிறது என்று அறிய, அதே அடிக்கோலைக் கண்ணாடியின் மேல் படுக்க வைத்துப் பார்க்கலாம். கோல் முழுவதும் ஒட்டிக் கிடந்தால் அது தட்டை. நடுவில் தொட்டு இரு முனையிலும் மெல்லிய இடைவெளி தெரிந்தால் அளவான குவிவு. இடைவெளி பெரிதாகி, கோல் ஊஞ்சல் போல ஆடினால் அதை வாங்க வேண்டாம்.

குவிந்த கண்ணாடிக்குப் பழகவும் ஒரு வழி உண்டு. வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, இருபது அடி எடுத்து வைக்கும் தூரத்தில் பின்னால் ஒரு காரை நிறுத்தச் சொல்லி, முதலில் கண்ணாடியில் பார்க்க வேண்டும். பிறகு தலையைத் திருப்பி நேராகப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், சாலையில் கணக்குத் தவறாது.

கடையில் கவனிக்க வேண்டிய மற்றவை

முதலாவது, தெளிவு. கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலிருக்கும் விளக்குக் கம்பத்தையோ கதவுச் சட்டத்தையோ பார்த்தபடி மெல்ல அசைக்க வேண்டும். நேர்க்கோடு பாம்பு போல நெளிந்தால் அது மட்டமான கண்ணாடி.

இரண்டாவது, நிறம். நீலச் சாயம் பூசிய கண்ணாடி, இரவில் பின்னால் வரும் விளக்கின் கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் அதே கண்ணாடி விடியற்காலை மங்கலிலும் அடைமழையிலும் காட்சியை மேலும் இருட்டாக்கும். இருட்டோடு புறப்பட்டு இருட்டோடு திரும்புகிறவர்களுக்குச் சாயமில்லாத கண்ணாடியே ஏற்றது.

மூன்றாவது, தண்டின் நீளம். தண்டு குட்டையாக இருந்தால் அதிர்வு குறையும்; ஆனால் கண்ணாடியில் ஓட்டுநரின் முழங்கையும் தோளும் மட்டுமே தெரியும். மிக நீளமாக இருந்தால் காட்சி நன்றாக இருக்கும். ஆனால் வேகத்தில் நடுங்கும், நெரிசலில் கார்களின் கண்ணாடியோடு உரசும். கம்பெனி கொடுத்த அசல் தண்டின் நீளத்தை ஒட்டி வாங்குவது பாதுகாப்பான தேர்வு.

நான்காவது, கைப்பிடியின் முனையில் மாட்டும் வகை. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கண்ணைச் சாலையிலிருந்து இன்னும் கீழே இறக்கித்தான் அதைப் பார்க்க வேண்டும். வண்டியின் அகலத்தையும் அது கூட்டிவிடும். தினமும் கார்களுக்கு இடையே புகுந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு அது உகந்ததல்ல.

மரை தெரியாமல் வாங்கக்கூடாது

கடையில் கண்ணாடி வாங்கியவர்கள் திரும்ப வந்து மாற்றிக் கேட்பதற்கு முக்கியக் காரணம், மரை பொருந்தாததுதான். பட்டறை மொழியில் இதைத் 'திரெட்' என்பார்கள்.

இன்று ஓடும் பெரும்பாலான வண்டிகளில் கண்ணாடித் தண்டின் மரை 10 மில்லிமீட்டர். பழைய சிறிய வண்டிகள் சிலவற்றில் 8 மில்லிமீட்டர். இது முதல் வித்தியாசம். இரண்டாவது வித்தியாசம் திசை. வழக்கமான மரை, கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால் இறுகும். ஆனால் யமஹா வண்டிகள் பலவற்றில் வலது பக்கக் கண்ணாடிக்கு மட்டும் எதிர்மரை இருக்கும். அதாவது இடது பக்கமாகத் திருகினால் இறுகும், வலது பக்கமாகத் திருகினால் கழலும்.

இது விளையாட்டுக்காகச் செய்ததல்ல. வலது கண்ணாடி முன்னால் எதிலாவது மோதிப் பின்னுக்குத் தள்ளப்பட்டால், தண்டு கடிகாரத் திசையில் சுழலும். சாதாரண மரையாக இருந்தால் அந்த அடி தண்டை மேலும் இறுக்கி, மரையையோ அது பொருந்தியிருக்கும் பிரேக் பிடி அடைப்பையோ உடைத்துவிடலாம். எதிர்மரையாக இருந்தால் தண்டு இளகிக்கொடுக்கும், உடையாது.

பட்டறைகளில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம்.

"அண்ணே, புதுக் கண்ணாடி வாங்கிட்டு வந்தேன். வலது பக்கம் மட்டும் ஏறவே மாட்டேங்குது."

"பலமா திருகினியா தம்பி?"

"ஆமாண்ணே, ஸ்பேனர் போட்டே திருகினேன்."

"அதான் தப்பு. இப்ப கண்ணாடி மட்டும் இல்ல, பிரேக் பிடியையும் சேர்த்து மாத்தணும்."

பிரேக் பிடி அடைப்பு பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. இரும்புத் தண்டைத் தவறான திசையிலோ கோணலாகவோ பலவந்தமாகத் திருகினால் அலுமினியத்தின் மரைதான் முதலில் அழியும். கண்ணாடியின் விலையைப் போலப் பல மடங்கு செலவு வரும்.

எதிர்மரையை அடையாளம் காண்பது எளிது. தண்டின் மரைப் பகுதியைக் கண்ணுக்கு நேராகச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். மரைக் கோடுகள் வலது பக்கம் நோக்கி மேலேறினால் சாதாரண மரை. இடது பக்கம் நோக்கி மேலேறினால் எதிர்மரை. சந்தேகம் இருந்தால் பழைய தண்டைக் கழற்றிக் கடைக்குக் கையோடு கொண்டுபோய், புதியதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவதே சிறந்தது. மரை அளவையும் திசையையும் மாற்றித்தரும் சிறு இணைப்புத் துண்டுகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் இணைப்பு கூடக்கூட, ஆடும் இடமும் கூடும். முடிந்தவரை நேராகப் பொருந்துவதையே வாங்க வேண்டும்.

பொருத்தும் முறை

ஒரு கண்ணாடியைப் பொருத்தப் பத்து நிமிடம் போதும். லாக் நட்டுக்குப் பெரும்பாலும் 14-ஆம் எண் ஸ்பேனர் வேண்டியிருக்கும். சிலவற்றில் 17 வரும்.

1. பழைய தண்டு துருவேறி இறுகியிருந்தால் பலம் காட்டக்கூடாது. துரு நீக்கும் எண்ணெயை அடித்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, முதலில் லாக் நட்டை இளக்கி, பிறகு தண்டைக் கழற்ற வேண்டும். யமஹா வலது பக்கத்தில் கழற்றும் திசையே வேறு என்பதை மறக்கக்கூடாது.

2. மரைத் துளையில் இருக்கும் மண்ணையும் துருவையும் துணியாலோ பழைய பல் தூரிகையாலோ சுத்தம் செய்ய வேண்டும்.

3. புதிய தண்டின் லாக் நட்டை மேலே வரை திருகிவிட வேண்டும். தண்டைத் துளையில் நேராக நிறுத்தி, விரல்களால் மட்டும் திருகத் தொடங்க வேண்டும். முதல் மூன்று சுற்றும் இலகுவாகப் போக வேண்டும். தடுத்தால் கழற்றி மறுபடி தொடங்க வேண்டும்.

4. குறைந்தது ஆறு, ஏழு சுற்றாவது உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டு, மூன்று சுற்றில் நிறுத்தி லாக் நட்டை இறுக்கினால், பார்க்க உறுதியாகத் தெரியும். ஒரு மாதத்தில் கழன்றுவிடும்.

5. இருக்கையில் வழக்கம்போல் உட்கார்ந்து, தண்டு நிற்க வேண்டிய கோணத்தைப் பார்த்து, தண்டை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் லாக் நட்டைக் கீழே இறக்கி இறுக்க வேண்டும். எதிர்மரைத் தண்டில் நட்டும் எதிர்த்திசையில்தான் இறுகும். சில வண்டிகளில் மேலும் கீழுமாக இரண்டு நட்டுகள் இருக்கும். இரண்டின் திசையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது.

6. கை பலத்துக்கு இறுகினால் போதும். ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நீட்டி இறுக்கினால் மரை பிய்ந்துவிடும்.

7. ரப்பர் மூடி இருந்தால் அதைக் கீழே இழுத்து நட்டை மூடிவிட வேண்டும். மழைநீர் மரைக்குள் இறங்காமல் அது காக்கும்.

எங்கே ஆடுகிறது?

செம்மண் சாலையிலும் குழி விழுந்த தோட்டத்துப் பாதையிலும் தினமும் ஓடும் வண்டியில் கண்ணாடி ஆடத் தொடங்குவது இயல்பு. எங்கே ஆடுகிறது என்று தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும். கண்ணாடியின் தலையைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும்.

தலை மட்டும் அசைந்து தண்டு அசையாமல் இருந்தால், தலைக்குப் பின்னாலுள்ள உருண்டை மூட்டு தளர்ந்திருக்கிறது. சில வகைகளில் அங்கே ஒரு சிறு நட்டு அல்லது திருகாணி இருக்கும், அதை இறுக்கலாம். அப்படி எதுவும் இல்லாதவற்றில் கண்ணாடியை மாற்றுவதுதான் வழி. ரப்பர் பட்டையும் டேப்பும் சுற்றுவது வீடு வந்து சேரும் வரைக்கும் மட்டுமே.

தண்டும் சேர்ந்து அசைந்தால் லாக் நட்டு தளர்ந்திருக்கிறது. மேலே சொன்ன முறையில் இறுக்க வேண்டும். அடிக்கடி தளர்ந்தால், நடுத்தரப் பிடிப்புள்ள மரைப் பசையை ஒரு துளி இட்டு இறுக்கலாம். நிரந்தரமாக ஒட்டிவிடும் பசையைப் பயன்படுத்தினால் பிறகு கழற்றவே முடியாது.

தண்டோடு பிரேக் பிடி அடைப்பும் சேர்ந்து அசைந்தால் அது கண்ணாடிப் பிரச்சனை அல்ல. கைப்பிடியில் அந்த அடைப்பைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது. பல வண்டிகளில் முன் பிரேக்கின் எண்ணெய்க் குப்பியும் அதே அடைப்போடு சேர்ந்தது. இதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கக்கூடாது.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் காட்சி நடுங்கி மங்கினால், இன்ஜின் பிடிமான போல்ட்டுகளையும் கைப்பிடி முனை எடைகளையும் போர்மேனிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். கண்ணாடி நடுங்குவது சில சமயம் வண்டியின் வேறொரு நோயின் அறிகுறி.

சரியான கோணம்

கண்ணாடியைச் சரிசெய்யும்போது வண்டி ஸ்டாண்டில் இருக்கக்கூடாது. இரு சக்கரமும் தரையில் இருக்க, தலைக்கவசம் அணிந்து, ஓட்டும்போது உட்காருவது போலவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்ணாடியின் நடுவில் தொடுவானம் தெரிய வேண்டும். மேல் பாதியில் வானமும் மரங்களும், கீழ்ப் பாதியில் சாலையும். உள் ஓரத்தில் தோளோ முழங்கையோ ஒரு கீற்று மட்டும் தெரிந்தால் போதும். தம் சட்டையையே பாதிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும்.

பின் இருக்கையில் ஆள் ஏறினால் வண்டியின் பின்பகுதி தாழும். கண்ணாடி தரையைப் பார்க்கத் தொடங்கும். மனைவியையோ பிள்ளையையோ தினமும் ஏற்றிச் செல்கிறவர்கள், அவர்களை உட்காரவைத்துத்தான் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும்.

எவ்வளவு நன்றாக வைத்தாலும் கண்ணாடியில் தெரியாத ஓர் இடம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வீட்டிலுள்ள ஒருவர் போதும். ஓட்டுநர் வண்டியில் உட்கார்ந்து நேராகப் பார்த்தபடி கண்ணாடியை மட்டும் கவனிக்க, மற்றவர் பின்னாலிருந்து வலது பக்கமாக மெல்ல நடந்து முன்னே வர வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறையும் இடத்துக்கும் கடைக்கண்ணில் தென்படும் இடத்துக்கும் இடையே உள்ளதே குருட்டு இடம். அந்த இடைவெளியில் ஒரு மோட்டார் சைக்கிள் முழுதாக மறைந்துவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள், தடம் மாறும் முன் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்க்க மறக்க மாட்டார்கள். கண்ணாடி, சிக்னல், தோளுக்கு மேல் ஒரு பார்வை, அதற்குப் பிறகே திரும்புதல். இந்த வரிசை மாறக்கூடாது.

கண்ணாடியைக் கெடுக்கும் பழக்கங்கள்

தலைக்கவசத்தைக் கண்ணாடியில் மாட்டுவது. கடைக்குப் போனால் தலைக்கவசம் ஒரு கண்ணாடியில், கட்டிய தே தாரிக் பொட்டலம் இன்னொன்றில் தொங்குவது வழக்கமான காட்சி. அந்த எடை தினமும் இழுத்தால் உருண்டை மூட்டு விரைவில் தளரும். அதற்கென்று இருக்கைக்கு அடியிலோ முன்னாலோ கொக்கி இருக்கிறது.

சட்டையைத் திருப்பிப் போடுவது. குளிருக்காக ஜாக்கெட்டை முன்பக்கமாகத் திருப்பி அணிந்து ஓட்டுகிறவர்கள் பலர். காற்றில் கை உப்பி, கண்ணாடியின் பாதியை மறைத்துவிடும். மழைக்கோட்டும் அப்படியே. கை மணிக்கட்டைப் பட்டையால் இறுக்கிக்கொள்வது நல்லது.

நிறுத்துமிடத்தைக் கவனிக்காதது. தொழிற்சாலையிலும் கோயில் வாசலிலும் வண்டிகள் நெருக்கி நிறுத்தப்படுகின்றன. பக்கத்து வண்டியை எடுக்கிறவர் தெரியாமல் இடித்துக் கண்ணாடியைத் திருப்பிவிட்டுப் போயிருப்பார். ஓடத் தொடங்கிய பிறகு ஒரு கையால் சரிசெய்வது ஆபத்து. சாவி போடும் முன் இரண்டையும் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

விரிசலோடு ஓட்டுவது. விரிசல் விட்ட கண்ணாடியில் இரவில் ஒரே விளக்கு இரண்டாகவும் மூன்றாகவும் சிதறித் தெரியும். 1992 முதல் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கு எரிய ஓட வேண்டும் என்பது விதி. அந்த விளக்கே பின்னால் வரும் மோட்டார் சைக்கிளை நமக்குக் காட்டுகிறது. விரிசல் அந்த உதவியையும் கெடுக்கும்.

இளையோரிடம் எப்படிச் சொல்வது?

கண்ணாடி மாட்டினால் வண்டியின் 'ஸ்டைல்' போய்விடும் என்று நினைக்கும் இளைஞர்களிடம் சட்டத்தைச் சொல்லி மட்டும் பயனில்லை. மேலே சொன்ன நடைச் சோதனையை வீட்டு வாசலில் ஒருமுறை அவர்களோடு செய்து பார்க்கலாம். சின்ன அலங்காரக் கண்ணாடியில் அம்மா எந்த இடத்தில் மறைகிறார், அளவான கண்ணாடியில் எந்த இடம் வரை தெரிகிறார் என்று அவர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அறிவுரை செய்யாததை அந்த இரண்டு நிமிடம் செய்யும்.

தலைக்கவசத்தின் விலையோடு பார்த்தால் ஒரு ஜோடி கண்ணாடிக்கு ஆகும் செலவு குறைவுதான். வாரம் ஒருமுறை, வண்டி கழுவும் நாளில், இரண்டு தலையையும் அசைத்துப் பார்த்து, நட்டை ஒரு பிடி பிடித்து, கண்ணாடியைச் சோப்புநீரால் துடைத்து, உட்கார்ந்து கோணம் பார்த்தால் வேலை முடிந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

விடியற்காலையில் வண்டி முற்றத்தை விட்டு இறங்கும்போது வாசலில் நின்று பார்ப்பவர்கள், சாலை முனை வரைதான் பார்க்க முடியும். அதற்கு அப்பால் பின்னால் வருவதை அவருக்குக் காட்ட அந்த இரண்டு கண்ணாடிகள் மட்டுமே உண்டு. அவை சரியாக இருக்கின்றனவா என்று இன்று மாலையே ஒருமுறை பார்த்துவிடலாம்.